நவாபு காலத்து அடுப்பும் எங்கள் மெஸ் சமையற்காரரும்

பவானிபூரில் ஒரு வக்கீல் வீட்டின் கீழ்க்கட்டில் நாங்கள் ஒன்பது பேர் மெஸ் வைத்துக் குடியிருந்தோம். ஒன்பது பேரும் தெற்கேயிருந்து வந்த குமாஸ்தாக்கள். தந்தி ஆபீஸ், கணக்காபீஸ், கிடர்பூர்த் துறைமுகத்தில் கப்பல் கம்பெனி என்று ஆளுக்கொரு நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். கல்கத்தா அப்போது ராஜதானி. ஆகையால் நாங்கள் வைஸ்ராய்க்கு அடுத்த அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பதாக ஊரில் பேச்சு. அப்படி இல்லை என்று எங்களில் யாரும் எழுதிப் போடவில்லை. நான் உட்கார்ந்திருந்த அறைக்கு அடுத்த அறையில் சணல் மூட்டைகள் இருந்தன.

எங்களை உயிரோடு வைத்திருந்தது கம்பெனியும் அல்ல, சர்க்காரும் அல்ல. எங்கள் சமையற்காரர்தான். பாலக்காட்டுப் பக்கத்து மனிதர், ஐம்பதை ஒட்டிய வயது. வயிறு முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். அவரை நாங்கள் மாமா என்று கூப்பிட்டோம். அவர் எங்களை ஓய் என்று கூப்பிட்டார். ஒன்பது பேருக்கும் ஒரே ஓய்தான். யாரைக் கூப்பிடுகிறார் என்பது அந்த ஓயின் கடுமையிலிருந்து தெரிந்துவிடும். எனக்கு உரியது சற்று நீளமான ஓய்.

மாமா சமைக்கும்போது எதையும் வாயில் போட்டுப் பார்க்கமாட்டார். அப்பளத்தின் ஒரு முனையைக்கூட ஒடித்துத் தின்றதில்லை. சமையல் சுவாமிக்குப் போய், பிறகுதான் மனிதனுக்கு. நடுவில் சமையற்காரன் நாக்கை நீட்டுவது எச்சில். அப்படி வளர்ந்தவர் அவர். உப்பும் புளியும் சரியாக இருக்கின்றனவா என்பதை அவர் எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார். முதல் கவளத்தை நாங்கள் வாயில் வைக்கும்போது, கரண்டியோடு எதிரே நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வருவார். வாயைத் திறந்து யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சொல்லவும் கூடாது. கணக்காபீஸ்காரர் ஒருமுறை "உப்புக் கொஞ்சம் மட்டு" என்று சொல்லிவிட்டார். மறுநாள் அவருடைய இலையில் மட்டும் சாதத்துக்கு முன்னால் ஒரு கைப்பிடி உப்பு வந்து உட்கார்ந்தது.

இந்த மனிதர் ஒரு மார்கழி மாதத்தில், எல்லாரும் மோருஞ்சாதத்துக்கு வந்திருந்த சமயம் பார்த்து, "திங்கக்கிழமை மெயில்ல நான் ஊருக்குப் போறேன். வேற ஆள் பாத்துக்கோங்கோ" என்றார்.

ஒன்பது கைகளும் இலையில் நின்றன.

"ஆத்துல யாருக்காவது உடம்பு சரியில்லையா மாமா?" என்று தந்தி ஆபீஸ்காரர் கேட்டார்.

"எல்லாரும் சௌக்கியம். எனக்குத்தான் கை கெட்டுப் போறது. விறகிலே சமைச்ச கை ஓய் இது. பூமிக்கு அடியிலே புதைஞ்சு கிடந்ததைத் தோண்டி எடுத்துண்டு வந்து, அதைக் கொளுத்தி, அது தலையிலே சாதத்தை வைக்கறதா? வெச்சேன் இத்தனை நாளா. இனிமே முடியாது."

கல்கத்தாவில் எல்லா வீட்டிலும் நிலக்கரி அடுப்புத்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு ஊரே ஒரு பெரிய ரயில் எஞ்சின் மாதிரி புகை விடும். நிலக்கரி லேசில் பற்றாது. பற்றிவிட்டால் சொன்ன பேச்சைக் கேட்காது. ரசம் நுரை கட்டுகிற அந்த நிமிஷத்தில் தணலை இழுக்க வேண்டும் என்று மாமா சொல்வார். விறகை இழுக்கலாம், நிலக்கரியை எந்தக் காதைப் பிடித்து இழுப்பது? எங்கள் வீட்டில் விறகு எரிக்கவும் வழியில்லை. பக்கத்து வீட்டுச் சமையலறைக் கூரை ஒருமுறை பற்றிக்கொண்டதிலிருந்து, விறகு மூட்டினால் அன்றே காலி செய்ய வேண்டும் என்று மேல்கட்டு வக்கீல் சட்டம் போட்டிருந்தார். அவர் வாய்மொழியாகப் போடும் சட்டங்களுக்குக் கோர்ட்டில் போடுவதைவிட மதிப்பு அதிகம்.

மாமா இல்லாத மெஸ் எப்படியிருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அவர் மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தபோது நாங்கள் முறை வைத்துச் சமைத்தோம். என் முறையில் நான் சாம்பார் வைத்தேன். அதைத் தொட்டு ஒருவர் ஊருக்குக் கடிதம் எழுதிப் பார்த்தார், எழுத்து நன்றாக விழுந்தது. வெளியே போய்ச் சாப்பிடலாமென்றால், அந்த நாளில் அந்த ஊரில் மீன் வாசனை படாத சோறு எங்களுக்கு எங்கே கிடைக்கும்? ஒன்பது பேர் எலும்பாவதா வேண்டாமா என்பது அந்தத் திங்கட்கிழமை மெயிலில் இருந்தது.

தந்தி ஆபீஸ்காரர்தான் வழி சொன்னார். எங்களில் வங்காள பாஷை நன்றாகப் பேசுகிறவர் அவர். டாலிகஞ்சுக்கு அப்பால் ஒரு ஜமீன்தார் தம் தோட்டத்தில் நவாபு காலத்துக் கிராமம் ஒன்றை அப்படியே எழுப்பி வைத்திருக்கிறாராம். அன்றைய வீடுகள், தறி, செக்கு, குயவர் சக்கரம் எல்லாவற்றையும் வைத்து, அவற்றில் வேலை செய்ய ஆட்களையும் சம்பளத்துக்கு அமர்த்தியிருக்கிறாராம். சீமைச் சாமான் வேண்டாம் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. பழையது எதுவானாலும் அதற்கு ஒரு மதிப்பு வந்திருந்தது. ஜனங்கள் டிராமிலும் குதிரை வண்டியிலும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

"அங்கே மண்ணடுப்புல விறகுச் சமையல் நடக்கறதாம். மாமாவை ஞாயித்துக்கிழமை அழைச்சுண்டு போய்க் காட்டினா மனசு ஆறும்" என்றார் தந்தி ஆபீஸ்காரர்.

"ஆறுமா, கிளறி விடுமா?" என்று கணக்காபீஸ்காரர் கேட்டார்.

நான் தலையிட்டேன். இப்படிப்பட்ட இடங்களில் தலையிடுவது என் வழக்கம். "காசிக்குப் போக முடியாதவன் காசிப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுத் திருப்தி ஆறதில்லையா? அது மாதிரிதான்" என்றேன். உடனே எல்லாரும், அப்படியானால் நீயே கூட்டிக்கொண்டு போ என்று தீர்மானம் செய்துவிட்டார்கள். மொழிபெயர்க்கத் தந்தி ஆபீஸ்காரர், பேசி மனசைத் திருப்ப நான். என் பேச்சால் இதுவரை யார் மனசும் நல்ல பக்கம் திரும்பியதில்லை என்பது யாருக்கும் அப்போது ஞாபகம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடானதும் மூவரும் கிளம்பினோம். ஜமீன்தாரின் இடத்துக்குப் போகிறோமே என்று நான் ஆபீஸுக்குப் போகும் முழு வேஷத்தையும் போட்டுக்கொண்டேன். தலைப்பாகை, மூடின கோட்டு, பஞ்சகச்சம், காதில் கடுக்கன், காலில் பூட்ஸ். மாமா வெள்ளை வேஷ்டியும் மேல்துண்டுமாக வந்தார். எலெக்ட்ரிக் டிராமில் அவர் அதுவரை ஏறியதில்லை. மேலே கம்பியைத் தொட்டுக்கொண்டு போகும் கழியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தவர், "ஓய், அது இடியை உறிஞ்சறதுங்கறாளே, வாஸ்தவமா?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். டாலிகஞ்சு வரும்வரை அவர் இருக்கையில் முழுசாக உட்காரவில்லை.

தோட்டத்து வாசலில் வைக்கோல் வேய்ந்த ஒரு வளைவு. அதைத் தாண்டினால் கிராமம். குளம், குளத்தைச் சுற்றி மண்வீடுகள், ஒரு குயவர், இரண்டு தறிகள், காலால் மிதித்து நெல் குத்தும் உலக்கை ஒன்று, கண்ணைக் கட்டிய ஒரு மாடு சுற்றுகிற எண்ணெய்ச் செக்கு. ஒவ்வொன்றின் முன்னாலும் கயிறு கட்டியிருந்தார்கள், அதற்குள் போகக் கூடாது. பட்டுச் சால்வை போர்த்திய பாபுக்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, தங்கள் கொள்ளுத்தாத்தாக்கள் என்ன பாடுபட்டார்கள் என்று சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செக்குக்குப் பக்கத்தில் நான் கொஞ்சம் பின்தங்கினேன். மாட்டை நன்றாகப் பார்க்க வேண்டும் என்று ஒரு கம்பத்தில் சாய்ந்துகொண்டு நின்றேன். கயிறு எனக்கு முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்று கவனிக்கவில்லை. முன்னால் போயிருக்கிறது. குடும்பத்தோடு வந்த ஒரு கிழவர் மாட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். தலைப்பாகையைப் பார்த்தார், கடுக்கனைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார். பிறகு தம் வீட்டுப் பெண்களிடம் ஏதோ விவரமாகச் சொன்னார். அவர்கள் கூட்டமாக நெருங்கி வந்தார்கள்.

தந்தி ஆபீஸ்காரர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றார்?" என்றேன் உதடு அசையாமல்.

"நவாபு தர்பார்ல கணக்கு எழுதறவா இப்படித்தான் இருப்பாளாம். வேஷம் ரொம்பப் பொருத்தமாம். பூட்ஸ் மட்டும் தப்பு, அதை மேனேஜர் கவனிச்சிருக்கணுங்கறார். பின்பக்கம் எப்படி இருக்கும்னு பொம்மனாட்டிகள் பாக்கணுமாம், உன்னைக் கொஞ்சம் திரும்பச் சொல்றார்."

நான் திரும்பினேன். ஏன் திரும்பினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பார்த்து முடித்ததும் கிழவர் மரியாதையாகத் தலையை அசைத்துவிட்டுப் போனார். நவாபு காலத்தில் நான் பிறந்திருந்தால் உத்தியோகம் நன்றாக அமைந்திருக்கும் போலிருக்கிறது.

இந்தக் கூத்துக்கு நடுவில் மாமாவைக் காணோம்.

குளத்தின் மூலையில் ஒரு சமையல் குடிசை இருந்தது. அங்கேதான் நின்றார். மூன்று மண்ணடுப்புகள், புதுச் சட்டிகள், தென்னங்கொட்டாங்கச்சி அகப்பைகள், ஓரமாக அரிசி, பாசிப்பருப்பு, இஞ்சி, மிளகு, சீரகம், ஒரு மண் கலயத்தில் நெய். அடுப்புக்கு முன்னால் ஓர் ஒரியாக்காரன் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். கல்கத்தாவில் பெரிய வீட்டுச் சமையற்காரர்கள் முக்கால்வாசி ஒரியாக்காரர்கள். தாகுர் என்று அவர்களைக் கூப்பிடுவார்கள். இந்தத் தாகுர் கிச்சடிக்கு அரிசியும் பருப்பும் உலை வைத்திருந்தான். குடிசை முழுவதும் புகை.

"பாரும் ஓய் அவன் விறகை அடுக்கியிருக்கற லட்சணத்தை" என்றார் மாமா என்னிடம். "ஒண்ணு மேலே ஒண்ணு விழுந்து தூங்கறது. காத்து எங்கே போகும்? நடுக் கட்டையை உருவடா. உருவு. அதில்லை, அந்தப் பக்கத்துது."

தாகுருக்குத் தமிழ் தெரியாது. மாமாவுக்குத் தமிழையும் மலையாளத்தையும் தவிர வேறொன்றும் தெரியாது. "உருவு" என்று மூன்று முறை கை காட்டிப் பார்த்தார். நாலாவது முறை கயிற்றைத் தாண்டிவிட்டார்.

நான் தடுத்திருக்க வேண்டும். ஆனால் அவர் குளத்தில் கைகால் கழுவி, துண்டை இடுப்பில் கட்டி, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு கட்டையை உருவினார். புகை நின்றது. தீ சீராக எழுந்து சட்டியின் அடியைப் பிடித்தது. தாகுர் எழுந்து, விசிறியை அவர் கையில் கொடுத்து, கும்பிட்டுவிட்டுக் குடிசைக்குப் பின்பக்கம் போய்விட்டான். கோபித்துக்கொண்டு போகிறானோ என்று நானும் தந்தி ஆபீஸ்காரரும் பின்னாலேயே போனோம்.

பின்பக்கம் ஒரு தகர வாளிக்குள் மண் பூசிச் செய்த சின்ன நிலக்கரி அடுப்பு இருந்தது. அதன்மேல் தாகுருடைய சொந்தச் சோறு சாவகாசமாக வெந்துகொண்டிருந்தது. முன்பக்கம் நவாபு ஆண்டுகொண்டிருந்தார், பின்பக்கம் நாங்கள் எல்லாரும் இருக்கிற காலம் நடந்துகொண்டிருந்தது. தான் பத்து வருஷமாக ஒரு பெரிய வீட்டில் நிலக்கரியில் சமைக்கிறவன் என்றும், இந்தப் பனிக்காலத்துக்கு மட்டும் ஜமீன்தார் கூட்டிவந்து விறகில் உட்கார வைத்துவிட்டார் என்றும், கண் போய்க்கொண்டிருக்கிறது என்றும் தாகுர் சொன்னான். தணல் மெதுவாக எரிய நிலக்கரித் தூளையும் சாணத்தையும் பிசைந்து உருட்டின சிறு உருண்டைகளைப் போட்டிருந்தான். குல் என்று அவற்றுக்குப் பெயர்.

எனக்கு எங்கள் மெஸ் பிழைத்துவிட்டதாகத் தோன்றிவிட்டது. முன்பக்கம் ஓடி, "மாமா, வந்து பாருங்கோ. விறகெல்லாம் வேஷம். தனக்குன்னு வந்தா இவனும் நிலக்கரியிலதான் சோறு வெச்சுக்கறான்" என்றேன்.

மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "விறகு தெரியாதவன் வேற எதிலே சமைப்பான்?" என்றார். அதோடு என் பிரசங்கம் தீர்ந்தது.

தாகுர் கிச்சடி என்று ஆரம்பித்ததை மாமா பொங்கலாக முடித்துக்கொண்டிருந்தார். சாமான் ஒன்றுதான், கை வேறு. தாகுருடைய கடுகெண்ணெயைத் தூர நகர்த்தி வைத்தார். நெய்யைக் காய்ச்சி மிளகையும் சீரகத்தையும் பொரித்து, இஞ்சியைத் தட்டிப் போட்டுச் சட்டியில் கொட்டினார். அந்த வாசனை குளத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. நெசவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நெசவை விட்டார்கள். செக்குப் பக்கமிருந்த கூட்டம் இங்கே வந்தது. என்னைத் திரும்பச் சொன்ன கிழவர் முன்வரிசையில் நின்றார். மாமா யாரையும் கவனிக்கவில்லை. இரண்டு வருஷத்தில் அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. சாமி சந்நிதியில் திரை விலகும்போது ஜனங்கள் முகம் எப்படி இருக்குமோ, அப்படியிருந்தது. அவரைத் திருப்தி செய்வதற்காக அழைத்து வந்தோம், திருப்தியாகிவிட்டார். இனி எங்கள் புகையடுப்புக்கு எந்த முகத்தோடு திரும்புவார்?

அப்போது மேனேஜர் வந்தார். ஜமீன்தாரின் காரியஸ்தர், தங்கப் பிரேம் கண்ணாடி, மெல்லிய ஜரிகைக் கரை வேஷ்டி. கயிற்றைத் தாண்டி உட்கார்ந்திருப்பவர் யார் என்று சீறிக்கொண்டு வந்தவர், கூட்டத்தைப் பார்த்ததும் சீறலை விழுங்கிக்கொண்டார். மாமாவின் வயிற்றை, குடுமியை, மார்பில் பூணூலை, நெற்றி விபூதியை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தந்தி ஆபீஸ்காரரிடம் ஒரு விண்ணப்பம் வைத்தார்.

தந்தி ஆபீஸ்காரர் என்னைப் பார்த்தார்.

"என்னவாம்?"

"இந்தப் பனிக்காலம் முழுக்க மாமா இங்கேயே இருக்கணுமாம். அடுத்த வருஷமும் வேணுமாம். நல்ல சம்பளம், தனிக் குடிசை, மா விறகு, புளிய விறகு, எது வேணுமோ அது. பசு நெய். அவரைப் பாத்தா நவாபு காலத்துலேர்ந்து நேரா நடந்து வந்த மாதிரி இருக்குங்கறார்."

"இதை அப்படியே சொல்லணுமாடா? மேனேஜர் வெளியே போகச் சொல்றார்னு சொல்லேன்" என்று அவர் கையைக் கிள்ளினேன்.

"தந்தியிலே ஒரு எழுத்து மாத்தினாலும் எனக்கு வேலை போயிடும்" என்றார் அவர். அது ஆபீஸில். ஆனால் அந்த மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ்தான். குடிசைக்குள் எட்டி, ஒன்று விடாமல் மாமாவிடம் ஒப்பித்துவிட்டார்.

மாமா அகப்பையைச் சட்டியின் விளிம்பில் வைத்தார். மேனேஜரை ஏற இறங்கப் பார்த்தார். சம்பளத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "விறகு காஞ்ச விறகா இருக்குமா?" என்று கேட்டார். காய்ந்ததுதான். "பாத்திரம் வெண்கலம் உண்டா?" உண்டு. "தண்ணி?" குளம் இருக்கிறது, கங்கை ஜலமும் தினம் ஒரு குடம் வரவழைக்கலாம். ஒவ்வொரு பதிலுக்கும் என் இலையிலிருந்து ஒரு பண்டம் குறைந்துகொண்டே வந்தது. மெயில் கூட வேண்டாம், டாலிகஞ்சிலேயே அவரைப் பறிகொடுத்துவிட்டோம் என்று முடிவு செய்துகொண்டேன். துக்கத்தில் எனக்குப் பசி அதிகம். அந்தச் சட்டி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. எல்லாரும் மேனேஜரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடிசை ஓரத்து வாழையிலிருந்து ஓர் இலைத் துண்டைக் கிழித்துக்கொண்டேன்.

"சரி, எத்தனை இலைக்கு?" என்று மாமா கேட்டார்.

சமையற்காரர்களுக்கு ஆள் கணக்கு இல்லை, இலைக் கணக்குத்தான். தந்தி ஆபீஸ்காரர் அதை மொழிபெயர்த்தார். மேனேஜருக்குப் புரியவில்லை. சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர் என்று தந்தி ஆபீஸ்காரர் விளக்கிக் கேட்டார்.

மேனேஜர் சிரித்தார். "சாப்பிடுகிறதாவது. இது கண்காட்சி. இத்தனை ஜாதி ஜனமும் வந்து போகிற இடத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்? பார்ப்பதற்குத்தான். சாயங்காலம் ஆனதும் செக்கு மாட்டுக்குப் போட்டுவிடுவோம். நல்ல மாடு."

மாமா இதைக் கேட்டுவிட்டுத் தீயைத் திரும்பிப் பார்த்தார். அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

"அப்போ உப்பு சரியா இருக்கான்னு யார் சொல்லுவா?"

மேனேஜருக்கு அது மிகவும் எளிய விஷயமாக இருந்தது. "சொல்ல எதற்கு? கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு உப்பு தெரியாதே."

அந்த நேரத்தில்தான் அவர் என்னைப் பார்த்தார். நான் வாய் நிறையப் பொங்கலோடு நின்றுகொண்டிருந்தேன். சூடு தாங்கவில்லை. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கண்ணில் நீர் வழிந்தது. மேனேஜர், காட்சிச் சாமானைத் தொட்டுவிட்டான் என்று கத்தி, காவற்காரனைக் கூப்பிட்டார். காவற்காரன் வந்து என் கோட்டுக் கழுத்தைப் பிடித்தான். கிழவர் பதறிப்போய், தர்பார்க் கணக்குப்பிள்ளையை ஏன் பிடிக்கிறாய் என்று அவனை அதட்டினார்.

மாமா எழுந்து நின்றார். "அவரை விடச் சொல்லும்" என்றார் தந்தி ஆபீஸ்காரரிடம். "அது நம்மாத்து ஆளு. திங்கறது ஒண்ணுதான் அதுக்கு வேலை. வேற எதுக்கும் லாயக்கில்லே." இதையும் ஒரு எழுத்து மாற்றாமல் மொழிபெயர்த்தார் அந்தச் சண்டாளர். கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்துத் தலையாட்டியது. காவற்காரன் கையை எடுத்துவிட்டான்.

மாமா அகப்பையோடு என் எதிரே வந்து நின்றுகொண்டார். வழக்கம்போல் என் முகத்தைப் பார்த்தார். புகையும் கண்ணீருமாக இருந்ததில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது. அத்தனை நாளில் இல்லாத வழக்கமாக வாயைத் திறந்து கேட்டார்.

"எப்படியிருக்கு ஓய்?"

அமிர்தம் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தேன். பொங்கல் தொண்டையைத் தாண்டிய கணத்தில் உண்மை வெளியே வந்துவிட்டது.

"உப்பே போடலியே மாமா."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. திறந்து பார்த்தால், மாமா திரும்பி அந்தச் சாமான் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரிசி, பருப்பு, இஞ்சி, மிளகு, சீரகம், நெய். உப்பு வைத்திருக்கவில்லை. வைத்தவர்களுக்கு அது தோன்றவில்லை, சமைத்தவருக்கும் தீயைக் கண்ட சந்தோஷத்தில் ஞாபகம் வரவில்லை.

"ராத்திரி வரைக்கும் இங்கே நின்னுண்டிருந்தாலும் ஒருத்தன் சொல்லியிருக்கமாட்டான்" என்றார், பாபுக்களைக் காட்டி. "என்னமா வாசனைங்கறான், என்னமா நெருப்புங்கறான். தலையை ஆட்டறான். மாடாவது முகத்தைத் திருப்பும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "கையலம்பினீரா, தொடறதுக்கு முன்னாலே?"

"இல்லை மாமா."

"அதானே."

இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். விசிறியைத் தாகுரிடம் திருப்பிக் கொடுத்தார். தாகுர் வாங்கிக்கொள்ள மனசில்லாமல் வாங்கிக்கொண்டான். மாமா அவனைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போய் அந்தத் தகர அடுப்பைக் குனிந்து பார்த்தார். ஒரு குல் உருண்டையை எடுத்து உடைத்தார், முகர்ந்தார், கீழே போட்டார். அவர் தமிழில் ஏதோ கேட்டார், அவன் ஒரியாவில் ஏதோ சொன்னான். இரண்டு பேரும் கைகளால் ஓர் உருண்டையை உருட்டிக் காட்டிக்கொண்டார்கள். மேனேஜர் சம்பளத்தைக் கூட்டிக் கூட்டிச் சொல்லிக்கொண்டே எங்களோடு வைக்கோல் வளைவு வரைக்கும் வந்தார். தந்தி ஆபீஸ்காரரும் ஒவ்வொரு தொகையையும் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார். மாமா காதில் அது எதுவும் விழவில்லை.

டிராமில் மெயிலைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியமில்லை. டாலிகஞ்சை வேண்டாம் என்றவர் பாலக்காட்டையும் வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தமா? ஊரில் விறகும் உண்டு, இலையும் உண்டு, உப்பும் உண்டு. தந்தி ஆபீஸ்காரரிடம் கண்ணால் கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். மாமா இந்தத் தடவை முழு இருக்கையிலும் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு ஒரு நிறுத்தம் இருக்கும்போதே பஜாரில் இறங்கிவிட்டார். நாங்களும் இறங்கினோம். சாயங்காலச் சந்தை, கடைக்காரர்கள் கறிகாய் மீது தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். மாமா கத்தரிக்காயைத் தொடவில்லை, வாழைத்தண்டைத் தாண்டிப் போனார். ஒரு கடையின் முன்னால் நின்று, ஒரு முழு வெள்ளைப் பூசணிக்காயை விரலால் தட்டிப் பார்த்தார். அதை வைத்துவிட்டு அதைவிடப் பெரியதைத் தட்டினார்.

"பாதி வெட்டித் தரட்டுமான்னு கேக்கறான்" என்றார் தந்தி ஆபீஸ்காரர்.

"முழுசாக் குடுக்கச் சொல்லும். நாளைக்கு மோர்க்கூட்டு. நாளன்னிக்குச் சாம்பார்ல போடலாம். மிச்சத்தை வடாத்துக்கு வெச்சுக்கறேன், இந்தப் பனி வெயிலுக்கு நன்னாக் காயும்."

தந்தி ஆபீஸ்காரர் மெயில் என்று ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் அவர் காலைப் பலமாக மிதித்தேன். பூட்ஸ் போட்டுக்கொண்டு போனதற்கு அன்றைக்கு அந்த ஒரு பிரயோஜனம்.

"என்ன வேடிக்கை பாக்கறீர், தூக்கும்" என்றார் மாமா. என்னைத்தான். எனக்கே உரிய நீளமான ஓய் ஒன்றும் கூட வந்தது. பூசணிக்காயின் மேலிருந்த வெள்ளைச் சாம்பல் முழுவதும் என் கறுப்புக் கோட்டில் அப்பிக்கொண்டது. அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, ஒரு கல்யாணத்துக்குச் சீர் எடுத்துப் போகிறவன் மாதிரி பவானிபூர்த் தெருவில் நடந்தேன். வாசலில் கணக்காபீஸ்காரரும் மற்றவர்களும் எங்களுக்காகக் காத்து நின்றார்கள். பூசணிக்காயின் பருமனைப் பார்த்தார்கள். மூன்று நாளைக்கு வரும் என்று கணக்காபீஸ்காரர் முணுமுணுத்தார்.

"மூணு நாளா?" என்றார் மாமா உள்ளே போய்க்கொண்டே. "நீங்க திங்கற தீனிக்கு ரெண்டு நாள் வந்தா ஜாஸ்தி."